கரையிலிருந்து நானூறு கிலோமீட்டர்: லட்சத்தீவின் ஆளரவமற்ற பவளப்பாறைகளுக்கு ஸ்கூபா பயணம் – முழுமையான வழிகாட்டி

அகத்தித் தீவின் பவளக் காயலைத் தாண்டிப் படகு வெளிக்கடலுக்கு வந்ததும், படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தேங்காய் நார் ஒன்றைக் கிள்ளி நீரில் போட்டார். நார் படகை விட்டு விலகி வடக்கு நோக்கி வேகமாக நகர்ந்தது. அரை மணி நேரம் பொறுத்து இறங்கலாம் என்று அவர் சொன்னார். ஆறு பேரும் ஈர உடையோடு வெயிலில் காத்திருந்தோம். அடுத்த முறை போட்ட நார் படகின் பக்கத்திலேயே மிதந்தது. அதன் பிறகுதான் இறங்கினோம். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் விலையுயர்ந்த டைவ் கம்ப்யூட்டரைக் கையில் கட்டியிருந்த எங்களில் ஒருவருக்கும் அந்த நாரைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

புதுச்சேரியிலோ அந்தமானின் ஹேவ்லாக்கிலோ முக்குளிப்பதற்கும், லட்சத்தீவின் வெளிப்பாறைகளில் முக்குளிப்பதற்கும் உள்ள வேறுபாடு ஆழத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. கொச்சியிலிருந்து கட்மத் 407 கிலோமீட்டர், அகத்தி 459 கிலோமீட்டர். அங்கே காற்றுக் கசிவை அடைக்கும் சிறு ரப்பர் வளையமான ஓ-ரிங் அறுந்தால் வாங்கக் கடை இல்லை. உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டினால், அதைக் கரைக்கும் சிகிச்சைக்கான அழுத்த அறை அருகில் இல்லை. ஆகவே ஒவ்வொரு முடிவையும் 'உதவி வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்' என்ற ஒரே கேள்வியில் தொடங்கிப் பின்னோக்கித் திட்டமிட வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஸ்கூபா சான்றிதழ் பெற்று, ஓரளவு கடல் பழக்கமும் உள்ளவர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். இன்னும் முதல் பயிற்சியே முடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுப் புறப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதற்படி: உங்கள் தகுதியை நேர்மையாக அளவிடுதல்

ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரை செல்லும் தகுதியைத் தருகிறது. அட்வான்ஸ்டு சான்றிதழ் 30 மீட்டர் வரை தருகிறது. லட்சத்தீவின் வெளிச்சரிவுகளில் காண வேண்டியவற்றில் பெரும்பகுதி 8 முதல் 25 மீட்டருக்குள்ளேயே இருப்பதால், ஆழத்துக்காக நீங்கள் ஏங்க வேண்டிய தேவை இல்லை. சான்றிதழைவிட முக்கியமானவை மூன்று. ஒன்று, நடுநீரில் எதையும் பிடிக்காமல் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்கும் திறன். இரண்டு, அதே நிலையில் நின்றுகொண்டு மேற்பரப்பு அடையாள மிதவையை விரித்து மேலே அனுப்பும் திறன். மூன்று, நீரோட்டம் இழுக்கும்போது அதனோடு போராடாமல், மூச்சு வேகத்தைக் கூட்டாமல், துணைவரோடு சேர்ந்தே மிதந்து செல்லும் பழக்கம்.

மிதவை விரிப்பதைப் பலர் ஒரு முறை பயிற்சியில் செய்து பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வெளிக்கடலில் அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை, இருநூறு மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும் படகோட்டியின் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஆரஞ்சு நிற மிதவை தெரியும். புறப்படும் முன் புதுச்சேரிக் கடலிலோ ஆழமான நீச்சல் குளத்திலோ பத்து முறையாவது, நூல் சுருளில் விரல் சிக்காமல் அதை அனுப்பிப் பழகுங்கள். ஐம்பது முக்குளிப்புகளாவது பதிவேட்டில் இருப்பதும், அவற்றில் சில கடந்த ஆறு மாதங்களுக்குள் நடந்திருப்பதும் நல்லது என்பது என் கருத்து.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, காது, நுரையீரல், இதயம் ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் காட்டிச் சான்று பெறுங்கள். ஆஸ்துமா, காதில் அறுவை சிகிச்சை, நெஞ்சுவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் மறைக்காதீர்கள். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் இதயப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். குழுவில் குறைந்தது இருவர் மீட்புப் பயிற்சியும் ஆக்சிஜன் கொடுக்கும் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவரே பாதிக்கப்படலாம் என்பதால்தான் இருவர் என்கிறேன்.

இரண்டாம் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

லட்சத்தீவில் முக்குளிப்புப் பருவம் அக்டோபரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை நீளும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குப் பாறைகளை இரவும் பகலும் அறையும். சிறு படகுகள் அப்போது கரையேறிவிடும். பருவத்தின் இரு ஓரங்களும் ஆபத்தானவை. 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரி மீனவர்களை விழுங்கிய ஒக்கி புயல் அதே வேகத்தில் மினிக்காய், கல்பேனி தீவுகளையும் தாக்கியது. 2021 மே மாதம் டவ்தே புயல் லட்சத்தீவுக் கடற்பகுதியிலேயே உருவெடுத்தது. எனவே ஜனவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான காலத்தையே நான் பரிந்துரைக்கிறேன்.

ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. கடல் வெப்பம் உச்சத்தைத் தொடும் காலம் அது. பவள உயிரியின் திசுவுக்குள் குடியிருந்து அதற்கு உணவையும் நிறத்தையும் தரும் நுண்பாசிகள், வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால் வெளியேறிவிடுகின்றன; பவளம் வெளுத்துப்போகிறது. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை, பட்டினியில் உயிரோடு இருக்கிறது. வெப்பம் தணிந்தால் பாசிகள் திரும்பி வரக்கூடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவு இவ்வாறு பெரும் வெளுப்புக்கு ஆளாயிற்று. 2024 கோடையிலும் மீண்டும் கடுமையாக வெளுத்தது. அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய மூன்று தீவுகளில் 1998 முதல் ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்து வந்ததில், உயிருள்ள பவளத்தின் பரப்பு 24 ஆண்டுகளில் ஏறத்தாழ 37 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வெளுப்பு நடக்கும் ஆண்டில், பட்டினி கிடக்கும் பாறையின்மீது நம் பாரத்தையும் சேர்க்காமல், பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் முறை. முன்பணம் இழப்பாகும் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் கூடுதலாகவும், காயல் வாய்களில் நீரோட்டம் கடுமையாகவும் இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்கள் சாந்தமானவை. முதல் முறை செல்பவர்கள் அஷ்டமியை நடுவில் வைத்து ஏழு நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாம் படி: அனுமதியும் வழியும்

தீவைப் பூர்வீகமாகக் கொள்ளாத எவரும், இந்தியக் குடிமக்கள் உட்பட, நுழைவு அனுமதி பெற்றே லட்சத்தீவில் கால் வைக்க முடியும். 1967-ஆம் ஆண்டின் விதிகளின்படி இந்தக் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது. அனுமதிச் சீட்டில் தீவின் பெயரும் நாட்களும் குறிப்பிடப்பட்டிருக்கும். அகத்திக்கு அனுமதி பெற்றவர் தம் விருப்பப்படி பித்ராவுக்குப் போய்விட முடியாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்குத் திறந்திருக்கும் தீவுகள் இன்னும் சிலவே. ஆகவே எந்தெந்தத் தீவுகள், எந்தெந்தப் பாறைகள் என்பதை முதலில் முடிவு செய்து, அத்தனை பெயர்களையும் முக்குளிப்பு நிறுவனத்தின் மூலமோ, அரசின் சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸின் கொச்சி அலுவலகம் மூலமோ விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். இரண்டு மாத அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைதூரப் பயணம் என்றதும் பலர் சேட்டிலைட் போன் வாங்க நினைக்கிறார்கள். முன் அனுமதியின்றி இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் கைதானதும் உண்டு. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கைக்கருவிகளுக்கும் இது பொருந்தும். அதற்கு மாற்றாகப் படகில், கடலில் படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்பதை நேரில் சோதித்துக்கொள்ளுங்கள். பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மதுவுக்குத் தடை இருப்பதையும், மக்கள் வாழும் தீவுகளில் ஊர் வழக்கத்துக்கேற்ற உடை அவசியம் என்பதையும் குழுவினருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கொச்சியிலிருந்து அகத்திக்குச் சிறு விமானங்கள் செல்கின்றன. வில்லிங்டன் தீவிலிருந்து கப்பல்கள் புறப்படுகின்றன. கப்பல் பயணம் தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம் எடுக்கும். போகும்போது விமானம், திரும்பும்போது கப்பல் என்பதே முக்குளிப்பவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு. பல நாட்கள் தொடர்ந்து முக்குளித்தவர் கடைசி முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது விதி. விமானத்தின் உள்ளழுத்தம் குறைவதால், உடலில் எஞ்சியுள்ள நைட்ரஜன் குமிழிகளாக மாறக்கூடும். கப்பலோ கடல் மட்டத்திலேயே செல்வதால் அந்த மணி நேரங்கள் பயணத்திலேயே கழிந்துவிடுகின்றன.

பல தீவுகளில் பெரிய கப்பல் துறைக்கு வராமல் வெளிக்கடலில் நின்றுவிடும். கப்பலின் பக்கக் கதவு திறக்க, கீழே ஏறி இறங்கும் சிறு படகிலிருந்து இருவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து, அலை படகை உயர்த்தும் கணத்தில் இழுத்துக்கொள்வார்கள். அந்நேரத்தில் தோளில் பை தொங்கக்கூடாது. இருபது கிலோ எடையுள்ள ஒரே மூட்டையைவிட, ஒருவர் ஒரு கையால் வாங்கித் தரக்கூடிய இரண்டு பைகளே ஏற்றவை. சக்கரப் பெட்டிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: பாறையைத் தேர்ந்தெடுத்தல்

லட்சத்தீவில் பத்துத் தீவுகளில் மட்டுமே மக்கள் வாழ்கிறார்கள். மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். காயல்களின் பரப்போ 4,200 சதுர கிலோமீட்டர். பித்ரா 0.1 சதுர கிலோமீட்டர் நிலத்தை வைத்துக்கொண்டு 45 சதுர கிலோமீட்டர் காயலை வளைத்துப் பிடித்திருக்கிறது. நிலமே ஏறக்குறைய இல்லாத பவளத்திட்டுகளும் உள்ளன. பங்காரத்துக்கு வடமேற்கே பெருமாள் பார், பித்ராவுக்கு வடமேற்கே செறியபாணி. 'பார்' என்ற சொல் மன்னார் வளைகுடாவின் முத்துக் குளியாளிகள் கடலடித் திட்டுகளுக்கு இட்ட அதே சொல்தான். இரு கடல்களின் மாலுமிகளும் ஒரே சொல்லால் ஆபத்தையும் செல்வத்தையும் குறித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

முதல் பயணத்திலேயே பெருமாள் பாருக்குப் போக வேண்டாம். முதல் மூன்று நாட்கள் அகத்தி, பங்காரம் அல்லது கட்மத்தின் வெளிச்சரிவுகளில் முக்குளித்து, குழுவின் காற்றுச் செலவையும் படகோட்டியின் கையையும் அறிந்துகொண்ட பிறகே அடுத்த வளையத்துக்குச் செல்லுங்கள்.

பெரும்பாலான தீவுகளில் நிலம் பவள வளையத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. காயல் மேற்கே விரிகிறது. அதற்கும் அப்பால் மேற்குப் பாறைவிளிம்பு பருவக்காற்றைத் தாங்குகிறது. மேற்கு விளிம்பில் அலையடிக்குத் தாக்குப்பிடிக்கும் தடித்த பவளங்களைக் காணலாம். கிழக்குச் சரிவு செங்குத்தாக இறங்கும். காயல் வாய் என்பது வளையத்தின் உடைப்பு. உள்ளே புகும் நீரும் வெளியேறும் நீரும் அங்கே நெருக்கியடித்துப் பாய்வதால் மீன் கூட்டமும் அதிகம், ஆபத்தும் அதிகம். ஓதம் ஏறும்போது தெளிந்த கடல்நீர் உள்ளே வரும். இறங்கும்போது காயலின் மணல் கலங்கிய நீர் வெளியே தள்ளப்படும். ஏற்றம் முடியும் தறுவாயில் வாயின் வெளிப்புறத்தில் இறங்கினால், பார்வைத் தெளிவு நன்றாக இருக்கும். தவறிப்போனாலும் நீரோட்டம் உங்களைக் காயலுக்குள்தான் தள்ளும், அரபிக்கடலுக்குள் அல்ல.

புதிய இடத்தைக் கண்டறிய, சென்டினல்-2 செயற்கைக்கோளின் இலவசப் படங்கள் பெரிதும் உதவும். பத்து மீட்டர் துல்லியத்தில், வெளிர்நீலம் கருநீலமாகச் சட்டென மாறும் கோடே சரிவின் விளிம்பு. ஆனால் அந்தக் கோட்டின் நீரோட்டத்தைப் படம் சொல்லாது. அதைச் சொல்பவர்கள் தூண்டிற்கழியால் சூரை பிடிக்கும் மீனவர்கள். இரைக்கான சிறு மீன்களை அவர்கள் அன்றாடம் பவளத்திட்டுகளை ஒட்டியே பிடிக்கிறார்கள். அவர்கள் பிடிக்கும் சூரைதான் வேகவைத்து, புகையிட்டு, உலர்த்தி மாசியாகிறது. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் சம்பலில் இடிக்கும் அதே மாசி. ஒரு மாலை அவர்களோடு அமர்ந்து, வரைபடத்தை விரித்து, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நீர் இழுக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது, எந்தக் கருவியையும்விடப் பயன் தரும்.

ஐந்தாம் படி: படகையும் ஆக்சிஜனையும் சோதித்தல்

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை இறுதியில் கேளுங்கள். இரண்டு இயந்திரங்கள் உள்ள படகா, நீங்கள் நீருக்குள் இருக்கும்போது படகில் படகோட்டியைத் தவிர கண்காணிக்க இன்னொருவர் இருப்பாரா, நங்கூரம் பவளத்தின்மேல் போடப்படுமா அல்லது படகு மிதந்தபடியே உங்களைப் பின்தொடருமா என்று கேளுங்கள். நங்கூரத்தைப் பவளத்தில் போடும் படகில் ஏறாதீர்கள்.

ஆக்சிஜனைப் பற்றி மட்டும் கணக்கோடு கேட்க வேண்டும். 'ஆக்சிஜன் இருக்கிறது' என்ற பதில் போதாது. உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டும் நைட்ரஜன் நோய் கண்டவருக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் தூய ஆக்சிஜன் இடைவிடாமல் கொடுக்க வேண்டும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர் 150 பார் (இங்கே 'பார்' என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் நிரப்பப்பட்டிருந்தால் அதில் இருப்பது 1,500 லிட்டர்; அது 100 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பெருமாள் பாரிலிருந்து அகத்தி மருத்துவமனைக்கு உங்கள் படகு எத்தனை மணி நேரத்தில் சேரும் என்பதைக் கேட்டு, அதைவிட ஒன்றரை மடங்கு நேரத்துக்கு ஆக்சிஜன் படகில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். நான் ஒரு முறை ஒரு படகில் சிலிண்டரின் வால்வைத் திறந்து பார்த்தபோது அழுத்தமானி 30 பார் காட்டியது. முகமூடியின் ரப்பர் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று நாங்கள் புறப்படவில்லை. அந்த முடிவுக்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.

ஆறாம் படி: கருவிகள்

சிலிண்டரும் எடைக்கட்டிகளும் அங்கே கிடைக்கும். சிலிண்டரின் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர், மாஸ்க், காலில் மாட்டும் துடுப்பான ஃபின், டைவ் கம்ப்யூட்டர் ஆகியவை உங்களுடையவையாக இருக்கட்டும். ரெகுலேட்டரைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பழுது பார்த்து, அதன்பின் ஒரு முறையாவது நீரில் பயன்படுத்திப் பார்த்துவிடுங்கள். பழுது பார்த்த உடனே எடுத்துச் செல்வது சரியல்ல. புதிதாக மாற்றிய உறுப்பு தகராறு செய்தால் அது முதல் முக்குளிப்பில்தான் தெரியும்.

உதிரிப் பொருட்களில் எனக்குப் பாடம் கற்பித்தது பயணத்தின் மிக மலிவான பொருள். கட்மத்தில் இரண்டாம் நாள் காலை, சிலிண்டர் வால்வின் ஓ-ரிங் வெடித்துச் சீறியது. நிறுவனத்தின் பெட்டியில் இருந்தவை எல்லாம் வெயிலில் காய்ந்து வெடித்தவை. என் பையில் இருந்த பன்னிரண்டு ஓ-ரிங்குகள் அந்த வாரம் எட்டுப் பேருக்கு ஈடுகொடுத்தன. கடைசி நாளில் இரண்டு மிஞ்சின. அவற்றோடு மாஸ்க் பட்டை, ஃபின் பட்டை, வாயில் கடிக்கும் ரப்பர், அதைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள், கம்ப்யூட்டர் பேட்டரி, சிறு ஸ்பேனர் ஆகியவை ஒரு டிபன் பாக்ஸுக்குள் அடங்கிவிடும்.

ஒவ்வொருவரிடமும் மிதவையும் நூல் சுருளும், விசிலும், சிறு கண்ணாடியும் இருக்க வேண்டும். வெயிலில் கண்ணாடியின் மின்னல் பல கிலோமீட்டர் தெரியும். பகலிலும் ஒரு டார்ச்சைக் கட்டிக்கொள்ளுங்கள். உடலை மூடும் மெல்லிய உடை அணிந்தால், பவளத்துக்குக் கேடான ரசாயனங்கள் கொண்ட சன்ஸ்கிரீன் பூசும் தேவையே இல்லாமல் போகும்.

ஏழாம் படி: காற்றுக் கணக்கு

'50 பாரில் மேலே வந்துவிடு' என்ற விதி பயிற்சிக்கு ஏற்றது, தொலைவுக்கு ஏற்றதன்று. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். நீங்கள் 20 மீட்டரில் இருக்கும்போது துணைவரின் காற்று முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். பதற்றத்தில் இருவரும் மேற்பரப்பு அளவில் நிமிடத்துக்கு ஆளுக்கு 30 லிட்டர், மொத்தம் 60 லிட்டர் இழுப்பீர்கள். 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு. நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம் என்றால் 180 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலேற இரண்டேகால் நிமிடம், சராசரி அழுத்தம் இரண்டு மடங்கு. ஏறத்தாழ 265 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 270 லிட்டர். ஆக மொத்தம் 715 லிட்டர். சிலிண்டரின் கொள்ளளவால் வகுத்தால் 64 பார். எனவே 20 மீட்டரில் 70 பார் என்பதே உங்கள் இறுதிக் கோடு.

200 பாரில் தொடங்கினால் செலவழிக்க உரிமையுள்ளது 130 பார் மட்டுமே. அமைதியாக நிமிடத்துக்கு 18 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது 20 மீட்டரில் சுமார் 26 நிமிடம் வரும். 12 மீட்டரில் அதே காற்று 36 நிமிடத்துக்குக் குறையாமல் வரும், ஒளியும் நிறங்களும் கூடுதலாகக் கிடைக்கும். இக்காரணத்தால் எங்கள் குழு 25 மீட்டரை மீறாத உச்சமாகவும், ஒரு நாளைக்கு மூன்று முக்குளிப்பை வரம்பாகவும் வைத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் காட்டும் நிறுத்தமில்லா நேரம், அதாவது கட்டாய நிறுத்தமின்றி மேலேற இன்னும் எவ்வளவு நேரம் அந்த ஆழத்தில் இருக்கலாம் என்பது, பத்து நிமிடமாகக் குறைந்ததும் ஆழம் குறைப்போம். பாதுகாப்பு நிறுத்தத்தை மூன்றிலிருந்து ஐந்து நிமிடமாக நீட்டுவோம். நான்காம் நாள் பிற்பகல் முழுவதும் ஓய்வு.

எட்டாம் படி: முக்குளிக்கும் நாள்

காலையில் இறங்கும் முன் நீரோட்டம் பார்ப்பதில் தொடங்குங்கள். தேங்காய் நாரோ, பிசைந்த சோற்று உருண்டையோ போதும். மேற்பரப்பு ஓட்டமும் பத்து மீட்டர் கீழே உள்ள ஓட்டமும் வேறாக இருக்கலாம் என்பதால், ஒருவர் முதலில் இறங்கிப் பார்த்துக் கைகாட்டிய பிறகே மற்றவர்கள் இறங்க வேண்டும். எந்தத் திசையில் மிதந்து, ஏறத்தாழ எத்தனை நிமிடம் கழித்து, எங்கே மேலே வருவோம் என்பதைப் படகோட்டி திருப்பிச் சொல்லும்வரை யாரும் குதிக்கக்கூடாது. மொழி தடையாகலாம், தீவினரின் ஜெசரி மலையாளம் தமிழருக்குப் பாதி புரியும், மீதிப் பாதியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கும். ஆகவே மணலில் கோடு கிழித்துக் காட்டிப் பேசுங்கள்.

நீருக்குள், நீரோட்டம் திடீரென எதிர்த்தால் நீந்திப் போராடாதீர்கள். பாறையை ஒட்டித் தாழ்ந்தால் வேகம் குறையும். அதிலும் முடியாவிட்டால் திட்டத்தைக் கைவிட்டு ஓட்டத்தோடு சென்று, நடுநீரில் நிறுத்தம் செய்து, மிதவையை அனுப்புங்கள். கீழ்நோக்கி இழுக்கும் ஓட்டம் பாறைச்சுவரை ஒட்டியே இருக்கும். சுவரை விட்டு விலகி வெளிநீருக்குச் செல்வதே அதிலிருந்து தப்பும் வழி. துணைவர் கண்ணில் படாமல் போனால் ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக மேலே வந்து மேற்பரப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். மேலே வந்தபின் படகு தென்படாவிட்டால் எல்லாரும் கைகோத்து, மிதக்க உதவும் காற்றுச் சட்டையான பிசிடியை முழுவதும் ஊதி, எடைக்கட்டிகளைக் கழற்றிவிட்டு, மிதவைகள் அனைத்தையும் நிமிர்த்திப் பிடியுங்கள். கரையை நோக்கி நீந்தத் தொடங்காதீர்கள்.

பெரிய கிளாத்தி வகை மீன் ஒன்று மணற்பள்ளத்தில் முட்டையைக் காவல் காக்கும்போது கடிக்க வரும். அதன் எல்லை மேல்நோக்கி விரியும் கூம்பு போன்றது. ஆகவே மேலே எழாமல் கிடையாக விலகுங்கள். கல்மீன், சிங்கமீன் ஆகியவற்றின் முள் குத்தினால், தாங்கக்கூடிய சுடுநீரில், 45 டிகிரிக்கு மிகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைப்பது வலியைத் தணிக்கும். கையுறை அணியாதீர்கள், கையுறை போட்ட கை எதையாவது பிடிக்கத் தேடும். கூம்புச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள்; அதன் விஷம் ஆளைக் கொல்லும்.

கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத் துண்டையும் பையில் போடக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளங்கள் புலிக்கு இணையான முதல் அட்டவணையில் இருக்கின்றன.

ஒன்பதாம் படி: நெருக்கடி நேரத்தில்

மூட்டுவலி, தோலில் திட்டுத்திட்டான நிறமாற்றம், கைகால் மரத்துப்போதல், தலைச்சுற்றல், காரணமற்ற பெருங்களைப்பு, சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவை முக்குளிப்புக்குப் பிறகு வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை நைட்ரஜன் நோய் என்றே கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் முதலில் மறுப்பார். 'தோளில் சுளுக்கு' என்பார். அவர் பேச்சைக் கேட்டு நேரம் கடத்த வேண்டாம். படுக்க வைத்து, உடனே ஆக்சிஜன் கொடுத்து, நினைவோடு இருந்தால் தண்ணீர் கொடுத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தையும் முக்குளிப்பு விவரங்களையும் எழுதுங்கள். மீண்டும் நீருக்குள் இறக்கிச் சரிசெய்ய முயலக்கூடாது. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையும் விஎச்எஃப் 16-ஆம் அலைவரிசையையும் படகின் பலகையில் எழுதி ஒட்டிவையுங்கள். கொச்சியில் கடற்படையிடம் அழுத்த அறை இருக்கிறது. அங்கே கொண்டுசெல்ல விமானமோ ஹெலிகாப்டரோ தேவைப்படும், அது இரவில் எளிதில் வராது. இக்காரணத்தால் எங்கள் நாளின் கடைசி முக்குளிப்பு பிற்பகல் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். முக்குளிப்புக்கென்றே உள்ள காப்பீட்டை, வான்வழி மீட்பும் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு இதற்கு உதவாது.

பத்தாம் படி: திரும்பிய பிறகு

கருவிகளை நன்னீரில் அலசும்போது தீவின் நன்னீர் குறைவானது என்பதை நினைவில் வைத்து, ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் அலசுங்கள். மீதியை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஊர் வந்தபின் இரண்டு நாட்கள் உடலைக் கவனியுங்கள்.

பதிவேட்டில் ஆழத்தோடும் நேரத்தோடும், பவளத்தின் நிலையையும் எழுதுங்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் வழங்கும் நிறஅட்டையை நீருக்குள் கொண்டுசென்று, பவளத்தின் நிறத்தோடு ஒப்பிட்டு எண்ணைக் குறிப்பது எவருக்கும் எளிது. கிளைப்பவளங்கள் முதலில் சாகும், பாறாங்கல் போன்ற குண்டுப் பவளங்கள் நின்று பிழைக்கும். எது எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதைத் தேதியோடும் இடத்தோடும் குறித்தால், யாரும் அடிக்கடி போகாத பாறையைப் பற்றி அது அரிய தகவலாகும்.

எல்லா இடத்தையும் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பித்ராவுக்கு அருகில் களவா மீன்கள் அமாவாசையை ஒட்டி ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடும் இடமொன்றை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அப்படிக் கூடும் நேரத்தில் சில படகுகள் சில நாட்களில் அந்தக் கூட்டத்தையே தீர்த்துவிட முடியும். அத்தகைய கூட்டத்தை நீங்கள் கண்டால், படத்தை வெளியிடும் முன் அதில் பதிந்துள்ள இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். துல்லியமான இடத்தை ஆய்வாளர்களுக்கும் அந்தத் தீவின் மீனவர்களுக்கும் மட்டும் தெரிவியுங்கள்.